வறுமையை அளந்த வணிகர்

சமூக வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சி பல்கலைக்கழக மண்டபங்களிலே பிறந்தது என்று கருதுவோர் பலர். வரலாறு கூறுவது வேறு. ஆங்கிலநாட்டிலே மக்களின் வாழ்நிலையை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியின் பயனாக நாட்டின் சட்டங்களையே மாற்றுவித்த பெருமுயற்சி ஒரு கப்பல் வணிகரிடத்திலும் ஒரு கொக்கோ உற்பத்தியாளரிடத்திலும் தொடங்கிற்று. இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். இருவரும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டே ஆராய்ந்தனர். முன்னவர் சாள்ஸ் பூத். பின்னவர் சீபோம் றவுண்ட்றி. இவ்விருவருடைய பணியின் வரலாற்றையும், அப்பணி எவ்வாறு நூலகத்தை விட்டு வெளியேறிப் பாராளுமன்றத்தின் வாயிலை அடைந்தது என்பதையும், அதன் குறைபாடுகளையும் ஈண்டு நோக்குவாம்.

1880ஆம் ஆண்டை அடுத்த காலம் இலண்டன் மாநகரின் செல்வர்களுக்கு அச்சம் மிகுந்த காலமாகும். 1883இல் கைவிடப்பட்ட ஏழை மக்களின் கசப்பான கூக்குரல் என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்ட சிறு துண்டுப்பிரசுரமொன்று வெளிவந்து, நகரின் சேரிகளைப் பற்றி நாடெங்கும் பேசவைத்தது. 1886 பெப்ரவரி மாதத்தில், திரபல்கார் சதுக்கத்திலே கூடிய வேலையற்றோர் கூட்டம் செல்வர் வாழும் வீதிகளினூடே சென்று கண்ணாடிச் சாளரங்களை உடைத்தது. கிழக்கு இலண்டனிலே வறுமையும் கயமையும் ஒருங்கே குடிகொண்ட பெருந்திரள் ஒன்று பொங்கியெழக் காத்திருக்கின்றது என்று ஒரு சாரார் அஞ்சினர். வறுமையென்பது கிளர்ச்சிக்காரர் மிகைப்படுத்திக் கூறுவதே என்று மற்றொரு சாரார் மறுத்தனர். இரு சாராரிடத்தும் ஆவேசம் இருந்தது, கணக்கு இருக்கவில்லை. இலண்டனில் ஏழைகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வெத்தெருவில் வாழ்கின்றனர், ஏழைகளாயிருப்பதற்குக் காரணம் யாது என்னும் எளிய வினாக்களுக்கு விடை கூறவல்லார் எவருமிலர்.

இந்நிலையிலேதான் சாள்ஸ் பூத் தம் ஆராய்ச்சியை மேற்கொண்டார். இவர் 1840இல் லிவர்பூல் நகரிற் பிறந்தவர். தம் தமையனாரோடு சேர்ந்து தோல் வாணிகமும், பிறேசில் நாட்டிற்கு நீராவிக் கப்பற் சேவையும் நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர். இளமையில், 1865ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, லிவர்பூலின் ஏழைப் பகுதியிலே வாக்குக் கேட்டு வீடு வீடாகச் சென்றவர், ஆங்குக் கண்ட காட்சிகளை மறந்தாரில்லை. இவருடைய மனைவியார் மேரி, வரலாற்றாசிரியர் மெக்காலே பிரபுவின் சகோதரர் மகளாவார்.

ஹைண்ட்மன் என்னும் சமவுடைமைத் தலைவர் இலண்டன் மக்களில் நூற்றுக்கு 25 பேர் வறுமையில் வாடுகின்றனர் என்று கூறியதாகவும், அதனைப் பொய்யென்று நிறுவவே பூத் தொடங்கினார் என்றும், ஈற்றில் தாம் மறுக்கவந்த தொகையினும் மிகுந்த தொகையைக் கண்டு திகைத்தார் என்றும் ஒரு கதை நூல்தோறும் எடுத்துரைக்கப்படும். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் இக்கதை முதுமையில் ஹைண்ட்மன் எழுதிய நினைவுகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. அவர் குறிப்பிடும் அந்த முந்திய கணக்கெடுப்பு நடைபெற்றமைக்குத் தக்க சான்று பின்வந்த ஆராய்ச்சியாளர்க்குக் கிட்டவில்லை. எனவே இதனை வரலாற்று மாணவர் ஐயத்தோடு ஏற்பதே முறை.

பூத் கையாண்ட முறையே நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது. பல இலட்சம் மக்கள் வாழும் நகரிலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஆளனுப்பி விசாரித்தல் ஒரு தனி மனிதருக்கு இயலாத காரியம். ஆனால் அவ்வீடுகளை முன்னரே நன்கறிந்த ஒரு கூட்டத்தார் இருந்தனர். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர், பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காக வருகின்றனரா என்று பார்ப்பதற்காகப் பாடசாலைச் சபையார் வீடு சென்று விசாரிக்கும் உத்தியோகத்தரை நியமித்திருந்தனர். ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகள் உள்ள வீடுகள் எவை, தகப்பன் செய்யும் தொழில் யாது, அவனுக்கு வேலை நிலையானதா, வீட்டில் எத்தனை அறைகள் என்பனவெல்லாம் இவர்களுடைய குறிப்புப் புத்தகங்களிற் காணப்பட்டன. பூத் இவ்வுத்தியோகத்தரை அழைத்து இருத்தி, தெருத் தெருவாக, வீடு வீடாகக் கேட்டு எழுதுவித்தார். பின்னர், அவர்கள் கூறியதை வறியோர் சட்ட அதிகாரிகள், குருமார், பொலிசார் ஆகியோர் கூற்றுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இதுவும் போதாதென்று, தாமே சில வாரங்கள் தொழிலாளர் குடும்பங்களிலே வாடகைக்கு அறையெடுத்துத் தங்கி, அவர்கள் உண்ணும் உணவையும் அவர்கள் பேசும் பேச்சையும் நேரிற் கண்டறிந்தார். ஏடுகளிலே அரசாங்கம் சேர்த்து வைத்திருந்தும் ஒருவரும் படிக்காத செய்தியைப் படித்தமையே இவருடைய முதற் பெருந்திறமை எனலாம்.

இவருடைய துணைவருள் ஒருவர் பின்னாளிற் பியற்றிஸ் வெப் எனப் புகழ்பெற்ற பியற்றிஸ் பொற்றர். பூத்தினுடைய மனைவியார்க்கு உறவினர். 1888இல் இவர் தம் செல்வநிலையை மறைத்து, கிழக்கு இலண்டன் தையற் கூடங்களிலே காற்சட்டை தைக்கும் பெண்ணாக வேலைக்கமர்ந்து, அங்குள்ள கொடுமைகளை எழுதினார். அவ்வாண்டே பிரபுக்கள் சபையின் விசாரணைக்குழு முன்னிலையிற் சாட்சியமும் அளித்தார். ஆராய்ச்சி செய்தவரே சாட்சிக் கூண்டில் ஏறியமை இங்கு நோக்கற்பாலது.

1889இற் கிழக்கு இலண்டனைப் பற்றிய முதற் பகுதி வெளிவந்தது. மக்களை எட்டு வகுப்பாகப் பிரித்து அவற்றுக்கு ஆங்கில அரிச்சுவடியின் முதலெட்டு எழுத்துக்களைப் பெயராக இட்டிருந்தார். நடுத்தர அளவான குடும்பமொன்றுக்கு வாரத்துக்கு 18 முதல் 21 சிலிங் வரையிலான வருவாய் உள்ளோரை ஏழைகள் என்றும், அதற்குக் கீழ்ப்பட்டோரை மிக ஏழைகள் என்றும் வகுத்தார். கிழக்கு இலண்டனில் இவ்வாறான ஏழைகள் நூற்றுக்கு 35 பேர்; பின்னர் நகர் முழுவதையும் ஆராய்ந்தபோது கிடைத்த தொகை நூற்றுக்கு 30.7. உலகிலேயே மிகச் செல்வம் படைத்த நகரில் ஏறத்தாழ மூவருள் ஒருவர் வறியவர் என்பது இதன் பொருள். கிளர்ச்சிக்காரரின் மிகையென இகழப்பட்டது மெய்யென்று ஒரு கப்பல் முதலாளியின் கணக்குக் காட்டிற்று. ஆனால் அஞ்சினோரின் அச்சமும் அதே கணக்கினாற் பொய்யாயிற்று: குற்றஞ்செய்து பிழைக்கும் கீழ்வகுப்பினர் கிழக்கு இலண்டனில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றே அதிகமானவர், ஆட்சியைக் கவிழ்க்கவல்ல பெரும்படை எதுவும் அங்கு இருக்கவில்லை.

எண்ணிக்கையிலும் முக்கியமானது காரணத்தைப் பற்றிய ஆராய்ச்சி. ஏழைகள் ஏழைகளாயிருப்பது குடியினாலும் சோம்பலினாலுமே என்பது அக்காலத்துக் கனவான்களின் உறுதியான கொள்கை. பூத் ஏறத்தாழ 4,000 குடும்பங்களின் நிலைமையை எடுத்துக் காரணங்களை வகுத்தார். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை வேலையைப் பற்றியன: நிலையற்ற வேலை, குறைந்த கூலி முதலியன. நோய், பெருங்குடும்பம் போன்றவை அடுத்த இடத்தைப் பெற்றன. குடியும் ஊதாரித்தனமும் ஏறத்தாழ ஏழிலொரு பங்கினர்க்கே காரணமாயின. இவ்வகுப்பு முறையிற் குறை கூற இடமுண்டு. காரணம் எதுவென்று முடிவு செய்தவர் ஏழையல்லர், அவரைப் பற்றி அறிந்த உத்தியோகத்தரே. எனினும் 'இவன் எத்தகைய மனிதன்?' என்று கேட்டுவந்த நாட்டை 'இவனுக்கு எத்தகைய வேலை கிடைக்கின்றது?' என்று கேட்கவைத்தது இந்த அட்டவணையே.

கணக்குகளைப் படிக்கப் பொறுமையில்லாதவர்க்குப் படம் இருந்தது. நகரின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வண்ணந் தீட்டிய பெரிய வரைபடத்தைப் பூத் வெளியிட்டார். மஞ்சள் செல்வர் வாழும் தெரு. சிவப்பும் இளஞ்சிவப்பும் வசதியுள்ளோர் தெரு. ஊதா வறியோரும் வசதியுள்ளோரும் கலந்தது. இளநீலமும் கருநீலமும் வறுமை. கறுப்பு மிகக் கீழானது. மஞ்சள் தெருவிற் குடியிருந்த கனவான் தன் வீட்டுக்குப் பின்புறத்திலேயே கருநீலக் கோடொன்று ஓடுவதைக் கண்டார். நூல் செய்யாததைப் படம் செய்தது. 1903இல் ஆராய்ச்சி நிறைவெய்தியபோது அது 17 நூல்களாக விரிந்திருந்தது. தொடங்கி 17 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வளவோடு நின்றிருப்பின் பூத் ஒரு சிறந்த புள்ளிவிபரவியலாளர் என்னும் பெயரோடு போயிருப்பார். ஆயின் கணக்கிலே ஓர் உண்மை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்களும் முதுமையில் வறியோர் சட்டத்தின் கையிலே வீழ்ந்தனர். 65 வயது கடந்தோரில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் ஓராண்டுக் காலத்துள் அச்சட்டத்தின் உதவியை நாடவேண்டியிருந்தது என்று அவர் கண்டார். 1834ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் உதவியைப் பெறுதல் மானக்கேடாகக் கருதப்பட்டது. பெற்றவர் வாக்குரிமையையும் இழந்தார். நம் நாட்டிற் பொது உதவிப்பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்று சொல்லும் வழக்கை அறிந்தோர்க்கு அம்மானக்கேட்டை விளக்கவேண்டியதில்லை. ஆகவே 1891 இறுதியில் புள்ளிவிபரக் கழகத்தார் முன்னிலையிற் பூத் ஒரு திட்டத்தை வைத்தார்: 65 வயது எய்திய ஒவ்வொருவருக்கும், செல்வர் வறியர் என்ற பேதமின்றி, வாரந்தோறும் 5 சிலிங் அரசாங்கம் கொடுத்தல் வேண்டும். எல்லார்க்கும் கொடுப்பதனால் எவர்க்கும் இழிவில்லை என்பது அவர் கருத்து. இவர் சமவுடைமைவாதியல்லர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்புப் பலமாக எழுந்தது. தருமங்களை ஒழுங்குபடுத்தும் சங்கத்தார், இது சிக்கனத்தையும் தன்மானத்தையும் அழிக்கும் என்றனர். தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்களும் தம் சேமிப்பு நிதிக்கு ஊறு நேரும் என்றஞ்சி முதலில் எதிர்த்தன. 1893இல் அமைந்த அரச ஆணைக்குழுவிலே பூத்தும் அங்கத்தவர். இரண்டாண்டு விசாரித்தும் அக்குழு பெரும்பயன் விளைக்கவில்லை. கணக்கு சரியாயிருந்தாற் போதும், அரசாங்கம் தானே செயற்படும் என்று நம்புவோர்க்கு இவ்வாண்டுகள் நல்ல பாடமாகும்.

திருப்பம் வேறிடத்திலிருந்து வந்தது. 1898இல் நியூசிலாந்து முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு இறுதியில் தென் இலண்டனிலுள்ள பிறவுணிங் மண்டபத்திலே நியூசிலாந்துப் பிரதிநிதி அதனை விளக்கிப் பேசினார். அதையடுத்துத் தொழிற்சங்கத்தார் கூடிய மாநாட்டிலே பூத் தம் கணக்குகளை எடுத்துரைத்தார். கேட்டவர்கள் பேராசிரியரல்லர், தொழிலாளர். 1899இல் ஓய்வூதியத்துக்கான தொழிலாளர் தேசியக்குழு தோன்றியது. அதன் செயலாளர் பிரெடரிக் றொஜர்ஸ் புத்தகம் கட்டும் தொழில் செய்தவர். அவர் ஊர் ஊராகச் சென்று ஒன்பதாண்டு பிரசாரம் செய்தார். புத்தகம் எழுதியவரும் புத்தகம் கட்டியவரும் கூடியபோதே காரியம் நடந்தது. 1908இல் லொயிட் ஜோர்ஜ் பாராளுமன்றத்தில் நடத்திச்சென்ற சட்டம் நிறைவேறியது. 1909 சனவரி முதலாந் திகதி தபாற் கந்தோர்களிலே பணம் வழங்கத் தொடங்கினர். தொகை பூத் கேட்ட 5 சிலிங்கேதான். ஆனால் வயது 70 ஆயிற்று. வருமானம் பார்த்தே கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 21 பவுணுக்கு மேற்பட்ட வருவாயுடையோர்க்கு முழுத்தொகை கிடையாது. முதியவர்கள் பலர் தம் ஊர்க் கந்தோரிலே தலைநிமிர்ந்து சென்று பணம் பெற்றனர். பூத் 1916இல் இறந்தார்.

இனி றவுண்ட்றியை நோக்குவாம். யோர்க் நகரிலே கொக்கோத் தொழிற்சாலை நடத்திய குவேக்கர் குடும்பத்தில் 1871இற் பிறந்த இவர், பூத்தின் நூலைப் படித்தபின், இலண்டன் பெருநகரின் நிலை ஒரு சிறு நகருக்கும் பொருந்துமோ என அறிய விரும்பினார். 1899இல் யோர்க் நகரத் தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றையும் ஆள் அனுப்பி விசாரித்தார். 11,560 குடும்பங்கள், 46,754 மக்கள். பூத்தினும் ஒருபடி மேற்சென்று, வறுமையின் எல்லையை உணவு விஞ்ஞானத்தைக் கொண்டு வகுத்தார். உடலின் வலிமையைக் காப்பதற்கு மட்டும் போதிய உணவு, உடை, வாடகை ஆகியவற்றைக் கூட்டி, தாய் தந்தையரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 சிலிங் 8 பென்ஸ் என்றார். அவ்வெல்லையில் வாழ்பவர் செய்திப் பத்திரிகை வாங்குதல் கூடாது. புகைவண்டியில் ஏறுதல் கூடாது. பிள்ளைக்கு ஒரு பொம்மையும் கூடாது. அவர் விதித்த உணவு வறியோர் வேலை இல்லத்து உணவினும் குறைந்தது. அத்தகைய எல்லைக்குங் கீழே வாழ்ந்தோர் நகர மக்களில் நூற்றுக்கு 10 பேர் என்று அவர் காட்டினார். வருவாய் போதியதாயினும் அதன் ஒரு பகுதி வேறு வழிகளிற் செலவானமையால் வறுமையுற்றோரையும் சேர்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 28. முதலாவது கூட்டத்தாரிற் பாதிக்கு மேற்பட்டோரின் வீட்டுத் தலைவர் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவர், கூலிதான் போதவில்லை.

றவுண்ட்றி கண்ட மற்றோருண்மை நெஞ்சை உருக்குவது. தொழிலாளி ஒருவன் வாழ்நாளில் மும்முறை வறுமையில் வீழ்கின்றான்: தான் குழந்தையாயிருக்கும்போது ஒருமுறை, தனக்குக் குழந்தைகள் பிறந்து, அவை உழைக்கும் பருவம் அடையுமுன் ஒருமுறை, உழைக்கவியலாத முதுமையில் ஒருமுறை. ஆகவே ஒரு நாளில் எண்ணப்பட்ட ஏழைகளைக் காட்டிலும் வாழ்நாளில் எப்போதேனும் வறுமையுற்றோர் தொகை மிகப் பெரிது.

1901இல் வெளிவந்த இந்நூலைப் படித்துக் கலங்கியவருள் இளைஞரான வின்ஸ்ரன் சேர்ச்சிலும் ஒருவர். தென்னாபிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபோது உடல் நலிவினால் மிகப்பலர் தள்ளப்பட்டமையும் அவ்வேளையில் வெளிவரவே, நூலின் கணக்குக்கும் படைமுகாமின் கணக்குக்கும் உள்ள தொடர்பை எல்லாரும் உணர்ந்தனர். 1906இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் சட்டமும், 1907இல் அவர்களுக்கு வைத்திய பரிசோதனை செய்யும் ஏற்பாடும், 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டமும் வந்தன. இவை யாவும் ஒரு நூலினால் விளைந்தன என்பது மிகை. போரும் தேர்தலும் தொழிற்சங்கமும் இன்றேல் நூல் அலமாரியிலே உறங்கியிருக்கும்.

இம்முறையின் குறைகளையும் கூறாது விடுதல் வரலாறாகாது. மிக வறியரான தம் இரண்டாம் வகுப்பினரைப் பூத் நகரினின்றும் அகற்றித் தொழிற் குடியேற்றங்களில் வைக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். அவர்கள் போய்விட்டால் ஏனையோரின் கூலி உயரும் என்பது அவர் கணக்கு. அவ்வகுப்பினரின் கருத்தை எவரும் கேட்டிலர். வண்ணந் தீட்டுவோன் கையில் தூரிகை இருக்கின்றது; தெருவிலிருப்போன் கையில் இல்லை. றவுண்ட்றியின் எல்லைக்கோட்டுக்கு நேர்ந்ததும் விசித்திரமானது. இவ்வளவு கடுமையாக அளந்தும் இத்தனை பேர் ஏழைகள் என்று எதிரிகளை வாயடைக்கச் செய்யவே அவர் அதனை அவ்வளவு கீழே வரைந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவரே 1918இல் எழுதிய நூலிலே மனிதத் தேவைகளை இன்னும் தாராளமாகக் கணக்கிட்டார். ஆயினும் 1942இல் பெவறிஜ் தம் அறிக்கையில் உதவித்தொகையை வகுத்தபோது, றவுண்ட்றியும் இடம்பெற்ற துணைக்குழுவின் ஆலோசனையைப் பெற்றும், கடுமையான பழைய முறையை ஒட்டியே தொகையை வைத்தார். வாதத்துக்கென வரைந்த கோடு வாழ்வுக்குரிய கோடாயிற்று.

பின்னர் 1950இல் றவுண்ட்றி மூன்றாம் முறையாக யோர்க்கை ஆராய்ந்து, தொழிலாளரில் நூற்றுக்கு மூவருக்குங் குறைவானோரே வறியர் என்று அறிவித்தார். வறுமை ஒழிந்தது என்று நாடு மகிழ்ந்தது. 1965இல் ஏபல்-சிமித், ரவுண்சென்ட் என்னும் இருவர், அரசாங்கமே வேறொரு நோக்கத்துக்காகச் சேர்த்திருந்த குடும்பச் செலவுக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, வறியோர் மறையவில்லை, பார்வைக்கு மறைக்கப்பட்டனர் என்று நிறுவினர். பூத் பாடசாலை உத்தியோகத்தரின் ஏட்டைப் படித்ததை ஒத்த செயல் இது. அவ்வாண்டே குழந்தைகளின் வறுமையை எதிர்க்கும் சங்கமொன்றும் தோன்றியது.

பூத்தின் வழியை அமெரிக்காவிற் பின்பற்றியோருள் டூ போய்ஸ் தலைசிறந்தவர். பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களை வீடு வீடாக விசாரித்து 1899இல் அவர் வெளியிட்ட நூல், ஆராய்ச்சித் திறத்தில் ஆங்கிலேயர் நூல்களுக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று. ஆயின் அவர்க்குப் பிரதமரும் இல்லை, ஓய்வூதியச் சட்டமும் இல்லை. அவ்வாண்டே அவர் வாழ்ந்த ஜோர்ஜியா மாநிலத்திலே ஒரு கறுப்பினத்தவர் கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார். உண்மையை எடுத்துக்காட்டினால் மக்கள் திருந்துவர் என்ற நம்பிக்கை தம்முள் அன்று தளர்ந்ததை அவர் பின்னர் எழுதினார். 1910இல் பல்கலைக்கழகப் பதவியை விட்டு, உரிமைச் சங்கத்தின் பத்திரிகாசிரியரானார்.

நம்மவர் நிலத்துக்கும் இம்முறை வந்தது. தொழிலாளர்க்குக் கல்வியளித்த இறஸ்கின் கல்லூரியின் அதிபராயிருந்த கில்பேட் சிலேற்றர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராக வந்தார். அவர் தம் மாணவர்க்கு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையிலே அவரவர் சொந்த ஊரை விசாரித்து எழுதி வருமாறு அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு, படியாள் எத்தனை பேர் என்று பிள்ளைகள் தம் தந்தையரின் ஊரையே புதிதாய்க் கண்டனர். அக்கட்டுரைகள் 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டுத் தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அந்நூலில் உள்ளன. 1936ஆம் ஆண்டையொட்டி அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டை அதன் பின்னும் பலமுறை ஆராய்ந்து, 2008இல் மறுபடியும் விசாரித்தபோது, ஒரு காலத்திற் பெருநிலக்காரர் வீட்டு வாசலிலே கட்டுண்டு கிடந்த படியாட்களின் வழிவந்தோர் பலர், பயிர்த்தொழிலையே விட்டு ஊருக்கு வெளியே கூலி தேடிக்கொண்டிருந்தனர்.